முதலில் படித்த நெருப்பு

ஒருவர் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் விதத்தைப் பார்த்தாலே அவர் எந்த அடுப்படியில் வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். குமிழைத் திருகிவிட்டு அதன்பிறகு நெருப்புப்பெட்டி எங்கே என்று பார்க்கிறவர் விறகடுப்பில் வளர்ந்தவர். விறகுக்கு அந்த ஒழுங்குதான் சரி. சுள்ளியை அடுக்கி, பன்னாடையைச் செருகி, எல்லாம் தயாரான பிறகே குச்சியை உரசுவது. எரிபொருள் முதலில், நெருப்பு பிறகு. கேஸுக்கு இது தலைகீழ். குச்சி கையில் எரிந்துகொண்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குமிழில் கைவைக்க வேண்டும். நெருப்புப்பெட்டி தேடுகிற பத்துப் பதினைந்து விநாடிக்குள் வெளியே வந்த கேஸ் அடுப்பைச் சுற்றித் தேங்கிவிடும். உரசியதும் முகத்தை நோக்கி ஒரு வீச்சு. இமையும் முன்மயிரும் பொசுங்கிய பெண்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கவனமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. ஏழு வயதில் கை படித்த ஒழுங்கு நாற்பது வயதிலும் கையில் இருக்கிறது.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் ஒரே கூரையின் கீழ் மூன்று நான்கு விதமான நெருப்பைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு மூன்று கல் அடுப்பும் பொச்சு மட்டை என்கிற தேங்காய் மட்டையும். யுத்த காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்த மகளுக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. கல்முனையிலோ கல்லடியிலோ வளர்ந்த பேரனுக்கு கேஸ் அடுப்பு. ஆடி ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து நிற்கும் பிள்ளைக்கு மின்னடுப்பு. அதில் சுவாலை என்ற ஒன்றே இல்லை. இந்த நாலு பேரும் ஒரே குசினிக்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் தாங்கள் படித்த நெருப்பையே எதிர்பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் டேனியல் ஃபெஸ்லர் 2006 இல் இதைப் பற்றி எழுதினார். நெருப்பை நாளாந்தக் கருவியாகப் பயன்படுத்தும் சமூகங்களில் பிள்ளைகள் ஏறக்குறைய ஏழு வயதுக்குள் அதைக் கையாளப் பழகிவிடுகிறார்கள், அதன்பின் நெருப்பின்மேல் உள்ள மோகமும் தணிந்துவிடுகிறது, நெருப்பை ஒளித்துவைக்கும் நகரச் சமூகங்களில்தான் அந்த மோகம் வயதுவந்த பிறகும் நீள்கிறது என்பது அவருடைய வாதம். எங்கள் அடுப்படிகளைப் பார்த்தால் முதல் பாதி சரி என்று படுகிறது. விறகு பொறுக்கி, ஊதி, தணல் கிளறிய பிள்ளை நெருப்புப்பெட்டியோடு மறைவில் போய் இருப்பதில்லை. ஆனால் அங்கே ஒரு துணைக்கேள்வி உண்டு. பழகியது எந்த நெருப்பு? விறகு நெருப்பில் தேறியவருக்கு கேஸ் நெருப்பிலும் தேர்ச்சி வந்துவிடாது. சில இடங்களில் பழைய தேர்ச்சியே காலைவாரும்.

அடுப்படி சொல்லித்தருவது

விறகடுப்பு நல்ல ஆசிரியர், ஏனென்றால் அது மெதுவானது. பிழை விட்டால் புகைக்கும், கண் எரியும், அணைந்துபோகும். பிள்ளை திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். சொல்லிக்கொடுக்கிற வீட்டில் இது படிப்படியாக நடக்கும். மூன்று நான்கு வயதில் எல்லை மட்டும். அடுப்பைச் சுற்றி ஒரு மீற்றர் தூரத்தில் கரியாலோ சுண்ணாம்பாலோ ஒரு கோடு, பிள்ளை அதற்கு வெளியே. "கிட்டப் போகாத மனே, சுடும்" என்று சொல்வதைவிட ஒரு கோடு அதிகம் வேலை செய்யும். நாளுக்கு இருபது தடவை கேட்ட சொல் காதுக்குப் பழகிப்போகிறது. கோடு எப்போதும் அதே இடத்தில் இருக்கிறது.

ஐந்து ஆறு வயதில் பற்றவைக்காத அடுப்பில் விறகு அடுக்கலாம். கைப்பிடி அளவு பன்னாடை அல்லது உலர்ந்த தென்னோலை அடியில். அதன்மேல் பென்சில் தடிப்பில் சுள்ளி பத்துப் பன்னிரண்டு, குறுக்கும் நெடுக்குமாக, இடையில் விரல் நுழையும் இடைவெளியோடு. பிறகு பெருவிரல் தடிப்பில் நாலைந்து. மணிக்கட்டுத் தடிப்பு விறகு கடைசியில், அதுவும் நெருப்புப் பிடித்த பிறகு. பிள்ளைகள் விடுகிற முதல் பிழை எப்போதும் ஒன்றுதான்: நெருக்கி அடைப்பது. காற்றுப் போக வழியில்லாவிட்டால் புகைதான் வரும். அந்த நேரத்தில் பெரியவர் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை தானே ஒரு விறகை இழுத்தெடுத்து, நெருப்பு நிமிர்வதைக் காணும். நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பதை அதன்பிறகு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏழு எட்டு வயதில் குச்சி. உரசுவது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக. பற்றியதும் குச்சியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். தலை கீழே சாய்ந்தால் சுவாலை ஏறி விரலைச் சுடும், பிள்ளை உதறும், உதறிய குச்சி எங்கே விழும் என்று எவருக்கும் தெரியாது. முதல் தடவை உரசும்போது பக்கத்தில் ஒரு சிரட்டை தண்ணீர் வைத்து, எரியும் குச்சியைச் சுண்டாமல் அதற்குள் போடப் பழக்கினால் உதறும் பழக்கமே வராது. ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்த பிறகே மூச்சு இழுக்க வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்ல வேண்டும். குழலை வாயில் வைத்தபடி மூச்சிழுத்தால் சூடான புகை நேராக நெஞ்சுக்குள் போகும்.

இது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே கிடைக்கிற படிப்பு. ஆண்பிள்ளைகள் நெருப்பைப் படிப்பது வளவின் பின்புறத்தில், குப்பைக் கும்பத்திலும் சீனவெடியிலும் வைக்கோல் எரிப்பிலும். கூடவே ஒரு பெரியவர் இருப்பதில்லை. வளர்ந்தபின் கேஸ் சிலிண்டரை மாற்றிப் பூட்டுகிறவர் அநேகமாக அந்த ஆண்பிள்ளைதான். நாள் முழுவதும் பக்கத்தில் நின்று சமைக்கிறவர் வேறொருவர். பூட்டியவருக்கு மணம் தெரியாது, மணம் தெரிந்தவருக்குப் பூட்டத் தெரியாது. இரண்டு பேருக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

விறகுப் புத்தி எங்கே பிழைக்கிறது

விறகு நெருப்பு அணைந்தால் நல்லது, அல்லது நீறு பூத்துக் கிடக்கும். எப்படியோ ஆபத்துக் குறைகிறது. கேஸ் நெருப்பு அணைந்தால்தான் ஆபத்து தொடங்குகிறது. சோறு பொங்கி வழிந்து சுவாலை அணைந்த பிறகும் குமிழ் திறந்தே இருக்கும். பானையை இறக்கித் துடைத்துவிட்டு உடனே குச்சி உரசுவது விறகடுப்புப் பழக்கம். குமிழை மூடி, கதவைத் திறந்து, சில நிமிடம் விட்டு, மணம் போன பிறகே திரும்பப் பற்றவைக்க வேண்டும்.

புகை மேலே போகும் என்பது இன்னொரு பாடம். சமையல் கேஸ் மேலே போகாது. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் போலத் தரையில் ஓடி, மேசையின் கீழும் சிலிண்டர் வைத்த தட்டுக்குள்ளும் தேங்கும். ஆகவே உயரமான யன்னலை மட்டும் திறந்துவிட்டு ஆறுதலடைய முடியாது, கதவு திறக்க வேண்டும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றும். ஒரு லீற்றர் திரவ கேஸ் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். சிறிய கசிவு என்று ஒன்று இல்லாதது இதனால்தான்.

மணம் வந்தால் மின்விளக்கைப் போடுவதும் பிழை, அணைப்பதும் பிழை. சுவிட்ச் இரண்டு பக்கமும் பொறி தரும். கையடக்கத் தொலைபேசியை வெளியே போய் எடுக்கலாம். குளிர்சாதனப்பெட்டி குசினிக்குள் தானாகப் போட்டு அணைந்துகொண்டிருக்கும், அதுவும் பொறி தரும். வெளியிலுள்ள பிரதான சுவிட்சை, அது வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும், நிறுத்தலாம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுவதும் கேஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்தபோது எங்கள் பக்கத்தில் பலர் பயந்து சிலிண்டரை வெளியே வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பினார்கள். 2022 இல் கேஸே கிடைக்காமல் போனபோது மற்றவர்களும் திரும்பினார்கள். அந்த வருடம் ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. கேஸில் வளர்ந்த இளம் தாய்மார் விறகு மூட்டத் தெரியாமல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். விறகுப் புத்தியோடு கேஸுக்கு வந்தவர்கள் படுகிற பாட்டின் மறுபக்கம் அது.

மண்ணெண்ணெயை உலர்ந்த, குளிர்ந்த விறகில் ஒரு தேக்கரண்டி ஊற்றிப் பற்றவைப்பது ஒன்று. அணைந்ததுபோலத் தெரியும் தணலில் ஊற்றுவது வேறு. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அடுப்புக் கல்லின் சூடு அதைவிடப் பலமடங்கு. ஊற்றியதும் வெள்ளையாகக் குபுகுபுவென்று எழும்புவது புகை என்று நினைத்துக் குனிந்து ஊதுவார்கள். அது மண்ணெண்ணெய் ஆவி. அடியிலுள்ள ஒரு தணல் சிவந்ததும் எல்லாம் ஒன்றாகப் பற்றி, ஊற்றிய போத்தல்வரை திரும்பி வரும்.

பெற்றோல் இன்னும் மோசம். உறைகுளிரிலும் ஆவி விடும் திரவம் அது. குப்பைக் கும்பத்தில் ஊற்றிவிட்டு நெருப்புப்பெட்டி எடுத்துவர வீட்டுக்குள் போய் வருவதற்கிடையில் ஆவி தரையோடு பரவி ஆள் நிற்கும் இடத்துக்கே வந்திருக்கும். குப்பைக்குப் பெற்றோல் எந்த அளவிலும் கூடாது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கானில் வாங்கி வைத்துப் பழகிய சில வீடுகளில் இன்னும் கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கான் கிடக்கிறது. வெளியே எடுத்துவிடுங்கள்.

மெழுகுதிரியும் ஒரு போத்தலும்

விறகில் படித்த பிள்ளைக்கு கேஸைப் புரியவைக்க ஒரு மெழுகுதிரி போதும். காற்றில்லாத அறையில் மெழுகுதிரியைப் பற்றவைத்து ஒரு நிமிடம் எரியவிடுங்கள். ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளைப் புகை நூல்போல மேலே போகும். எரியும் குச்சியைத் திரிக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே, அந்தப் புகை நூலில் மட்டும் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றும். பிள்ளைகள் இதைப் பத்துத் தடவை செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள்.

இதில் படிப்பது ஒன்றுதான், ஆனால் பெரிது. எரிவது மெழுகு அல்ல, மெழுகிலிருந்து வந்த ஆவி. விறகிலும் அப்படித்தான். சூட்டில் கட்டையிலிருந்து வெளிவரும் வாயுவே சுவாலையாக எரிகிறது, வாயு தீர்ந்தபின் மிஞ்சுவது கரியாகக் கனல்கிறது. ஈர விறகின் தடித்த வெள்ளைப் புகையில் நீராவியோடு எரியாத வாயுவும் இருக்கிறது. சில நேரம் புகைந்துகொண்டிருக்கும் அடுப்பு "டப்" என்று திடீரென்று பற்றுவது அதனால்தான். இந்த ஒன்று விளங்கிய பிள்ளைக்கு, கேஸ் என்பது விறகில்லாமல் வரும் அந்த வாயு என்று சொன்னால் விளங்கும். பெற்றோல் சூடே இல்லாமல் அதே ஆவியை விடுகிறது என்று சொன்னாலும் விளங்கும். பாயும் நெருப்பைக் கண்ணால் கண்ட பிள்ளை ஆவிக்குள் குச்சி உரசாது.

அடுத்தது, எரியும் மெழுகுதிரியின்மேல் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கவிழ்ப்பது. சிறிது நேரத்தில் அணையும். இது தாச்சிக்கான, அதாவது பொரிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கான, பாடம். மூன்றாவது, சுவாலைக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துப் பார்ப்பது, பிறகு பெரியவர் பிடித்துக்கொள்ள அதே தூரத்தில் நேர்மேலே ஒரு கணம் காட்டுவது. பக்கத்தில் இளஞ்சூடு, மேலே பொறுக்க முடியாது. கிடுகுக் கூரைக்கும் நுளம்பு வலைக்கும் யன்னல் சீலைக்கும் ஏன் மேலே இடம் விட வேண்டும் என்பதைக் கை சொல்லிவிடும்.

நான்காவது விளையாட்டு சவர்க்கார நுரை. ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, தூரிகையால் ரெகுலேட்டர் பூட்டிய இடம், குழாயின் இரண்டு நுனி, கிளிப் பூட்டிய இடம் எல்லாம் பூசுவது. சிலிண்டர் திறந்திருக்க வேண்டும், அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்க வேண்டும். குமிழி விட்டு நுரை பெருத்தால் கசிவு. குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். விறகுப் புத்தியில் நெருப்பைத் தேடுவது நெருப்பால்தான். பிள்ளைக்குச் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு நாளும் நுரை பூசும் வேலையைக் கொடுத்துவிட்டால் வீட்டில் அந்தச் சோதனை தவறாது. கசிவு பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் கறுப்பு இறப்பர் வளையம் விரிசல் விட்டிருப்பதாலோ விழுந்திருப்பதாலோ வரும். பூட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். வளையம் இல்லாத சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பழையதிலிருந்து கழற்றிப் போடக் கூடாது. குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கடலோரத்தில் உப்புக் காற்றுக் கிளிப்பை அதற்கு முன்பே துருப்பிடிக்க வைக்கும்.

தாச்சி

தண்ணீர் ஊற்றினால் நெருப்பு அணையும் என்பது சிறுவயதில் படிக்கிற பாடங்களில் மிக ஆழமாகப் பதிவது. குசினியில் ஆளைக் கொல்லக்கூடியதும் அதுவே. வடையோ முறுக்கோ பொரிக்கிற தாச்சியை அடுப்பில் விட்டுவிட்டு வாசலில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றால் தேங்காயெண்ணெய் முதலில் புகையும், பிறகு தானாகவே பற்றும். அந்த நேரம் எண்ணெய் 300 பாகையைத் தாண்டியிருக்கும். அதில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடிக்குப் போகும், போனதும் ஆவியாகி ஏறக்குறைய 1700 மடங்கு விரியும். எரியும் எண்ணெய் முழுவதையும் அது மேலே தூக்கி எறியும். கூரைவரை போகிற தீக்கம்பம் அப்படித்தான் உருவாகிறது.

செய்ய வேண்டியது: அடுப்பை நிறுத்துவது, தாச்சியைவிடப் பெரிய மூடியை அல்லது தட்டைக் கேடயம்போல முன்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து சரித்து மூடுவது, மூடியைத் திறந்து பார்க்காமல் அரைமணி நேரம் விடுவது. உடனே திறந்தால் காற்றுப் பட்டுத் திரும்பப் பற்றும். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. ஓடும்போது சுவாலை தூக்குகிறவர் பக்கமே சாயும், பாதி வழியில் சூடு பொறுக்காமல் விடவேண்டி வரும். பொரிக்கத் தொடங்கும்போதே மூடியைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது முழு வேலையையும் எளிதாக்கும்.

குப்பி விளக்கில் வளர்ந்தவர்கள்

குப்பி விளக்குப் பிள்ளைகளுக்கு ஒரு விசேட கெட்டித்தனம் உண்டு. எரியும் நெருப்பைக் கையில் கொண்டு நடக்கத் தெரியும். காற்று வரும் பக்கம் கையை மறைத்து, சாய்க்காமல், வாசற்படியில் நிதானித்து நடப்பார்கள். அவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம், நெருப்பைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவது.

பழைய குப்பி விளக்கின் பிழை அதன் உருவத்தில் இருந்தது. உயரமான, ஒடுங்கிய மருந்துப் போத்தல், இறுக்கிப் பூட்டாத தகர மூடி, அதில் ஒரு திரிக்குழாய். பூனை தட்டினாலும் சரியும், சரிந்தால் உருளும், உருண்டால் மூடி கழன்று எண்ணெய் பாயில் கொட்டும். இந்த நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எரிகாயத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மார்மைட் போத்தலை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டை, கனமான தடித்த கண்ணாடி, உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகிப் பூட்டும் உலோக மூடி. 1998 இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் போகிற நாட்களுக்காக இன்னும் குப்பி வைத்திருப்பவர்கள் இந்த நான்கு குணத்தையும் வைத்துத் தங்கள் விளக்கைச் சோதித்துப் பார்க்கலாம். எண்ணெய் முக்கால் பங்குக்கு மேல் கூடாது. அணைத்து, கண்ணாடி ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். வலைக்குள் கொண்டுபோகவே கூடாது.

நுளம்புத் திரியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவாலை இல்லாததால் பலர் அதை நெருப்பாகவே எண்ணுவதில்லை. தொங்கும் போர்வையோ பஞ்சுத் தலையணையோ மெத்தையோ அந்தச் சிவந்த முனையில் பட்டால் சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

நீறு பூத்தது

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலிலும் புன்னைச்சோலை பத்திரகாளி அம்மன் கோயிலிலும் தீமிதிப்புப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நெருப்பைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஒன்றைப் படிக்கிறார்கள்: நோன்பிருந்து, ஒழுங்கோடு அணுகினால் அதைக் கடக்கலாம் என்று. அது நம்பிக்கையின் விசயம், அதில் குறுக்கிட ஒன்றுமில்லை. பிள்ளைகள் வீட்டு வளவில் கோயில் விளையாடும்போதுதான் பிரச்சினை. கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், நடப்பவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் மிகக் குறைந்த நேரமே தணலில் படும். பிள்ளை பயத்தில் இடையில் நின்றுவிடும். நின்றால் சுடும். குழிக்குள் ஒரு ஆணியோ தகரத்துண்டோ கிடந்தால் அது உடனே சுடும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் பாதத்தைச் சுடுவது அநேகமாக எரியும் நெருப்பே இல்லை, முந்திய நாள் எரித்த குப்பைக் குழி. சிவப்பாகத் தெரியும் எந்தத் தணலும் 500 பாகைக்கு மேல். பகல் வெளிச்சத்தில், சாம்பலின் கீழ், அந்தச் சிவப்புத் தெரியாது. பொச்சு மட்டை இதில் படு கள்ளன். இராமுழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். அயல்வீட்டுக்கு நெருப்புக் கொண்டுபோக முந்திய தலைமுறை அதைத்தான் பிடித்தது. எரித்து முடிந்ததும் ஒரு வாளி தண்ணீர், தடியால் அடிவரை கிளறல், இன்னொரு வாளி. கிளறாமல் ஊற்றிய தண்ணீர் மேற்சாம்பலைக் கட்டியாக்கி அடித்தணலை மூடிப் பாதுகாக்கும். கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பார்க்க வேண்டும்.

கச்சான் அடிக்கிற காலத்தில், மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட சுடுகாற்றில், குழியே வேண்டாம். கச்சானில் ஒரு ஓலைத்துண்டுத் தணல் இரண்டு வளவு தாண்டிக் கிடுகில் விழும். சிறுபோகம் வெட்டிய வயலில் வைக்கோல் எரிக்கிறவர்களும் இதை அறிவார்கள். எரிக்காமல் மண்ணோடு உழுவதே நிலத்துக்கு நல்லது. எரித்தே ஆகவேண்டுமென்றால் காற்று எழும்பாத விடியலில், சுற்றிவர இரண்டு மூன்று மீற்றர் அகலத்துக்கு வைக்கோலை வழித்துச் செருக்கி வெறும் மண்ணாக்கி, காற்றுப் போகிற பக்க ஓரத்தில் முதலில் வைக்க வேண்டும். காற்றுக்கு எதிரே நெருப்பு ஊர்ந்து வரும், ஆள் பக்கத்தில் நடக்கலாம். காற்று வருகிற பக்கம் வைத்தால் அது ஓடும். எலி துரத்த வருகிற பையன்களை நிறுத்த வேண்டிய இடம் ஏற்கனவே எரிந்து கறுத்த பக்கம்.

பயந்து படித்தவர்கள்

1990 இல் யுத்தத்தில் ஊர்கள் எரிந்ததைச் சிறு வயதில் கண்டவர்களுக்கு நெருப்பு என்றால் ஓட்டம். கூரை எரியும் மணமோ ரயர் மணமோ வந்தால் கை நடுங்கும். வெளியேறுவதில் அவர்கள் எவரையும்விட வேகம், அது நல்ல பழக்கம். ஆனால் உடையில் பற்றினாலும் அவர்கள் ஓடுகிறார்கள். ஓடினால் காற்றில் சுவாலை முகத்துக்கு ஏறும். நிற்க வேண்டும், விழ வேண்டும், முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பதில் பயன் குறைவு. உடம்பு படிக்க வேண்டும், ஆகவே பாயை விரித்து விழுந்து உருண்டு பார்க்க வைக்க வேண்டும், பிள்ளையோடு அம்மம்மாவும். பக்கத்தில் இருப்பவர் நனைத்த சாக்கு அல்லது தடித்த பருத்திப் போர்வையால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சுற்றலாம். நைலோன், பொலியெஸ்டர் சீலையால் சுற்றக் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். சமைக்கும்போது அணிகிற நைற்றியும் எந்தத் துணி என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பயத்தால் படித்த இன்னொரு கூட்டம், சிறுவயதில் சுடுபட்டவர்கள். சுடுபாத்திரத்தை இரண்டு விரலால், உடம்பைத் தள்ளி வைத்துத் தூக்குவார்கள். அதனால் அது சரியும். அவர்களுக்கு நல்ல தடித்த பிடித்துணி இரண்டும் தைரியமும் வேண்டும்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீர், ஓடுகிற தண்ணீர், முழுதாக 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிவு தணிந்ததென்று எடுத்துவிடுகிறார்கள். தோலின் அடியில் சூடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாம் வீங்குமுன் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. பற்பசை, முட்டை வெள்ளை, தோசைமா, எண்ணெய், ஐஸ் ஒன்றும் வேண்டாம். சுத்தமான மெல்லிய பொலித்தீனால் இறுக்காமல் மூடி, உடம்பின் மற்றப் பகுதிக்குப் போர்வை போட்டுக் கொண்டுபோகலாம். சிறு பிள்ளை தண்ணீரில் விரைவாகக் குளிர்ந்துவிடும், கவனம். சுட்டவருடைய விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அளவு உடம்பின் நூற்றில் ஒன்று. பிள்ளைக்கு ஓர் உள்ளங்கைக்கு மேலென்றால், அல்லது முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றால், எவ்வளவு சிறிதாயிருந்தாலும் வைத்தியசாலை. அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110.

சுடுதண்ணீரும் இதே கணக்குத்தான். 60 பாகைத் தண்ணீர் பெரியவர் தோலை ஐந்து விநாடியளவில் ஆழமாகச் சுடும், பிள்ளைக்கு அதிலும் குறைந்த நேரம் போதும். இறக்கிப் பத்து நிமிடமான தேத்தண்ணியும் கைக்குழந்தையைச் சுடக்கூடியது. மடியில் குழந்தையும் கையில் கோப்பையும் ஒன்றாக வேண்டாம்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய ஒரு வேலை, இராச் சுற்று. படுக்கப் போகுமுன் சாம்பலுக்கு மேலே புறங்கை, சிலிண்டர் வால்வில் விரல், நுளம்புத் திரி தகரத் தட்டிலா, வலையிலிருந்து ஒரு முழம் தள்ளியா, குப்பி அணைந்ததா. குப்பையெரித்த நாளென்றால் குழிக்கும் ஒருதரம். அதுவரை குசினிக் கதவு சாத்துவதில்லை.